கரைக்கு ஒரு வாழ்த்து

கரையே, கடலில் இறங்காத தரையே, இது உனக்கான வாழ்த்து. ராயகிரியில் உட்கார்ந்து எழுதுகிறவன் உன்னை விட்டால் வேறு யாரை வாழ்த்துவான்? மேற்கே மலை. கிழக்கே வயலும் தென்னந்தோப்பும் குளத்துக்கரையும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். 2019 நவம்பரில் திருநெல்வேலியைப் பிரித்துத் தென்காசி மாவட்டத்தை உண்டாக்கினார்கள். உவரியும் கூடங்குளமும் திருநெல்வேலியோடு நின்றுகொண்டன. எங்கள் பங்குக்கு மலை வந்தது, அருவி வந்தது, ஒரு முழம் கடற்கரைகூட வரவில்லை. மண்ணை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. உன்னை வாழ்த்தும் உரிமை எனக்கு முழுதாக உண்டு.

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகாத்து இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழும். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்பவர்கள் அது எந்த ஊர்க் காற்று என்று கேட்பதில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, அந்தக் கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, அரபிக்கடலைக் கடந்து, கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தோடு மலையேறி எங்களிடம் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யவனக் கப்பல்களை முசிறிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இந்தத் தென்மேற்குக் காற்றுதான். அதில் ஒரு துளியையும் நீ வீணாக்கவில்லை. ஈரத்தை அருவிக்கும் வயலுக்கும் எடுத்துக்கொண்டாய். வேகத்தைச் சுரண்டைப் பக்கம் காற்றாலைகளுக்குக் கொடுத்தாய். படகின் பாய்க்குத்தான் கொடுக்க மிச்சம் இல்லாமல் போயிற்று.

அதியமானுக்காகத் தூது போன அவ்வை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் புகழ்ந்த பாட்டு புறநானூற்றில் 95ஆவதாக இருக்கிறது. அங்கே வேல்களுக்கு நெய் பூசியிருந்தார்கள், மாலை சூட்டியிருந்தார்கள். அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அவ்வை சொன்னதில் பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. தொண்டைமானின் வேல்கள் உண்மையிலேயே பளபளத்தன. நானும் உன்னைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லப் போவதில்லை, கரையே.

உன் முதல் பெருமை, நீ காப்பாற்றுவாய் என்பது. 2018 செப்டம்பர் 21 அன்று, தென் இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், உலகைச் சுற்றும் பந்தயத்தில் போய்க்கொண்டிருந்த துரியா என்ற சிறு பாய்மரப் படகு புயலில் புரண்டது. பாய்மரம் முறிந்தது. உள்ளே தனியாக இருந்தவர் அபிலாஷ் டோமி, கேரளத்துக்காரர், இந்தியக் கடற்படையின் விமானி. 2012 நவம்பர் 1 அன்று மும்பையில் புறப்பட்டு, எங்கும் நிற்காமல், யார் துணையும் இல்லாமல் மாதேயி படகில் உலகைச் சுற்றி, 2013இல் திரும்பி வந்த முதல் இந்தியர் அவர்தான். அந்த மனிதருக்கு இப்போது முதுகெலும்பில் அடி. எழ முடியவில்லை. சின்னக் கருவியில் செய்தி அனுப்பிவிட்டுப் படுக்கையில் கிடந்தார்.

நீ எழுந்தாய். ஆஸ்திரேலியா மீட்புப் பணியை ஒருங்கிணைத்தது. இந்தியக் கடற்படை விமானம் தேடிப் போய் அவர் படகைக் கண்டது. அதே பந்தயத்தில் வந்த அயர்லாந்துக்காரர் கிரகர் மெக்கக்கின், தன் படகின் பாய்மரமும் முறிந்த நிலையிலேயே அவரை நோக்கி வர முயன்றார். செப்டம்பர் 24 அன்று பிரான்சின் மீன்வளக் காவல் கப்பலான ஒசிரிஸ் போய்ச் சேர்ந்து அவரைத் தூக்கி, ஆம்ஸ்டர்டாம் தீவில் இறக்கியது. அங்கிருந்து ஐஎன்எஸ் சத்புரா இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஒற்றை மனிதனுக்காக இத்தனை நாடுகள் ஓடி வந்தன. பிறகு உன் மருத்துவர்கள் முதுகுத் தண்டில் ஐந்து எலும்புகளை ஒன்றாக இணைத்து, டைட்டானியம் கம்பி வைத்துக் கட்டினார்கள். அவர் நடப்பதை மறுபடியும் கற்றுக்கொண்டார். இதைச் செய்த கரையை மனமார வணங்குகிறேன். நீ கைகொடுத்திராவிட்டால் இந்தக் கதை அந்தப் படுக்கையிலேயே முடிந்திருக்கும்.

அடுத்த பெருமை, காப்பாற்றியவரை உட்கார வைக்க உனக்குத் தெரியும். அன்போடுதான் உட்கார வைப்பாய். எங்கள் ஊர் டீக்கடையில் இப்படி ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, உசுரோட வந்தாச்சுல்லா? பெறகு என்னத்துக்கு மறுபடியும்?" கேட்பவர் நெஞ்சில் கள்ளம் இல்லை. சம்பளம், பென்ஷன், பிள்ளையின் பள்ளிக்கூடம், மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம், ஊர்த் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி. இத்தனையும் கொடுத்த பிறகு ஒருவர் கடலைப் பார்த்தால் உனக்கு வருத்தம் வருவது நியாயம்தான். அவர் அங்கே யாராக இருந்தார் என்று கேட்க உனக்கு நேரம் கிடைத்ததில்லை.

படகுக்குத் திரும்புவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும். கோல்டன் குளோப் என்ற அந்தப் பந்தயத்தில், பாதுகாப்புக் கருவிகளைத் தவிர, 1968இல் இருந்த கருவிகளோடு மட்டும்தான் போக வேண்டும். அந்த ஆண்டு நடந்த முதல் பந்தயத்தில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், மும்பையில் கட்டிய சுஹைலி என்ற மரப்படகில் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் முதல் ஆளாக முடித்தார். துரியா அந்தச் சுஹைலியைப் பார்த்துக் கோவாவில் கட்டிய படகு. பந்தயத்தில் ஜிபிஎஸ் பார்க்கக் கூடாது. செக்ஸ்டன்ட் கருவியைக் கையில் பிடித்து, ஆடுகிற தளத்தில் நின்று, சூரியனைத் தொடுவானத்துக்கு இறக்கி, கோணத்தை அளந்து, கடிகாரத்தையும் அட்டவணையையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் இருக்குமிடம் தெரிந்துகொள்ள வேண்டும். மேகம் மூடினால் அன்றைக்கு இடம் தெரியாது. சுக்கானைத் திருப்ப மோட்டார் கிடையாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் ஒரு தகடு உண்டு. அது உடைந்தால் இரவும் பகலும் கையால் பிடிக்க வேண்டியதுதான்.

தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். கப்பல் எதுவும் எதிரே வரவில்லையே என்று எழுந்து எழுந்து பார்க்க வேண்டும். குடிநீரை எண்ணிக் குடிக்க வேண்டும். மழை பெய்தால் பாயிலிருந்து வடிவதைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். துணி காயாது. உப்பு தோலைப் புண்ணாக்கும். பாய் கிழிந்தால் ஊசியும் நூலும் எடுத்துத் தைப்பதும் அவர்தான். பாய்மரத்தின் உச்சியில் கயிறு சிக்கினால் ஏறுவதும் அவர்தான். ஐந்து எலும்புகள் கம்பியால் பிணைந்த முதுகோடு இதையெல்லாம் செய்யத்தான் அவர் மறுபடியும் போனார்.

கடற்படை வேலையை விட்டு விலகிப் போனார். 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறையிலிருந்து அவரையும் சேர்த்து 16 பேர் அடுத்த பந்தயத்துக்குக் கிளம்பினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நடுக்கடலில் ஒரு கப்பல் அவர் படகில் மோதிச் சேதப்படுத்தியிருந்தது. பழுது பார்த்து நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். போகும் வழியில் சுக்கான் திருப்பும் தகடு உடைந்தபோது படகின் கழிவறைக் கதவை அறுத்துப் புதுத் தகடு செய்துகொண்டார். நன்னம்பிக்கை முனை, லூவின் முனை, ஹார்ன் முனை மூன்றையும் சுற்றினார். முந்தைய பந்தயத்தில் தன்னை வீழ்த்திய அதே தென்கடலை இந்த முறை முழுதும் கடந்தார். 2023 ஏப்ரல் 29 அன்று, 236 நாள் கழித்து வந்து சேர்ந்து இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண். கிளம்பிய பதினாறு பேரில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூன்றே பேர்.

அந்தப் படகின் பெயர் பயானாத். அபுதாபியில் அப்போது இருந்த ஒரு நிறுவனத்தின் பெயர் அது. பணம் கொடுத்தவர்கள் அவர்கள், அதனால் பெயரும் அவர்களுடையது. கரையே, இங்கே உன் நிதானத்தைப் பாராட்ட வேண்டும். இந்தியாவுக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. கிரிக்கெட் மட்டைக்கும் தொப்பிக்கும் சட்டைக்கும் ஒட்டப் பெயர்கள் இங்கே வரிசையில் நிற்கின்றன. கீர்த்தி சக்கரம் பெற்ற ஒருவர், முறிந்த முதுகோடு மறுபடியும் பாய் விரிக்கிறேன் என்று நின்றபோது, நீ அவசரப்படவில்லை. அவர் முடிப்பாரா என்று பார்க்கக் காத்திருந்தாய். முடித்த அன்று மாலையிலேயே வாழ்த்துச் செய்தி எழுதினாய். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

உன் நினைவாற்றலும் பெரியது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கினார். அவருடையது பாய்க்கப்பல் இல்லை, நீராவிக் கப்பல். ஆனால் கடலை விட்டுக் கரையில் கிடந்து மறுபடியும் கப்பலேற முடியாமல் போன தமிழர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மல்லுக்கு நின்றது. 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள். கோயம்புத்தூரில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல்கள் கைவிட்டுப் போயிருந்தன. சிறைவாசலில் வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்தும் பிழைத்துப் பார்த்தார். பங்கு வாங்கியவர்கள் ஊரில் இருந்தார்கள், பணம் படைத்தவர்கள் இருந்தார்கள், காற்றும் கடலும் அப்படியே இருந்தன. அவருக்கு இன்னொரு கப்பல் வாங்கிக் கொடுக்க யாரும் இல்லை. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் இறந்தார்.

நீ மறக்கவில்லை. 1961இல் அவரைப் பற்றிச் சினிமா எடுத்தாய், எல்லாரும் அழுதார்கள். சிலைகள் வைத்தாய். 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினாய். இறந்து எழுபத்தைந்து ஆண்டு கழித்து ஒரு மனிதருக்கு ஒரு துறைமுகம் முழுவதையும் கொடுத்த கரை, உயிரோடு இருந்தபோது இன்னொரு கப்பலைக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே தூத்துக்குடியில் பழைய துறைமுகம் ஒன்று இருக்கிறது. தோணிகள் நிற்கும் இடம். மரத்தால் கட்டிய பெரிய தோணிகள், ஒரு காலத்தில் பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கு ஓடியவை. தண்டல் என்பவர் தலைவர். காற்றையும் நீரோட்டத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து ஓட்டுவார். பிறகு இன்ஜின் வந்தது. இப்போதும் அவை மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டுபோகின்றன. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில் இன்ஜின் பொருத்திய தோணிக்கும் பெயர் பாய்க்கப்பல் என்றே இருந்தது. சட்டத்தில் பாய் பத்திரமாக இருந்தது. அந்தப் பாயை விரித்து, தரையில் சிலகாலம் இருந்துவிட்டு வந்தாலும் பிடிவிடாத கையோடு தோணியைக் காற்றில் நிறுத்தத் தெரிந்த தண்டல்கள் கிழவர்களாகிப் போனார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கலாம்.

நீ எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். உவரிக்காரரான ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் தூத்துக்குடியின் தோணிக் காலத்தையும் அதன் மனிதர்களையும் எழுதினார். நல்ல நாவல். 2013ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. கடலோடிகளின் வாழ்வை நூலகத்தில் அடுக்கி வைக்கிற வேலையில் உனக்கு நிகர் நீதான். பாய் இருந்தபோது அதைப் பற்றிப் புத்தகம் இல்லை. புத்தகம் வந்தபோது பாய் இல்லை.

சென்னையைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர்கள் நான்கு பேர். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. அவர் பெயரை இங்கே எத்தனை வகுப்பறைகளில் சொல்லியிருப்பார்கள் என்று கேட்க எனக்கே தயக்கமாக இருக்கிறது. தென்காசிப் பிள்ளைகள் நீச்சலைக் கிணற்றில் கற்கிறார்கள். கடலைப் பாடப்புத்தகத்தில் நீல நிறமாகப் பார்க்கிறார்கள். பரீட்சையில் இந்தியாவைச் சுற்றியுள்ள கடல்களின் பெயரைச் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த வகையில் உன் கல்வி குறைவற்றது.

அபிலாஷ் டோமி இரண்டாம் முறை திரும்பி வந்த பிறகும் கரையில் சும்மா இருக்கவில்லை. கடற்படையின் இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவரும் தாரிணி படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டார்கள். ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், ஃபாக்லாந்துத் தீவின் போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைகளைத் தொட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் கரை மிகத் தூரமாக இருக்கும் பசிபிக் புள்ளியான நீமோவைக் கடந்தார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி 2025 மே 29 அன்று கோவாவுக்குத் திரும்பினார்கள். துறையில் அமைச்சர் வந்து வரவேற்றார், மாலை விழுந்தது, கேமராக்கள் மின்னின. ஒரு தமிழ்ப் பெண் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டாள். ராயகிரியில் அன்று இதைப் பற்றி யாரும் பேசவில்லை. மேகாத்து எப்போது இறங்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கரையே, நீ வரவேற்பதில் குறை வைத்ததே இல்லை. திரும்பி வருகிறவருக்குப் பூ, படுக்கை, மருந்து, பட்டம், தெருப்பெயர் எல்லாம் உன்னிடம் இருக்கின்றன. போகிறவருக்குக் கொடுக்க உன்னிடம் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது: எதற்கு? அதற்கு அவர் வாயால் சொல்லி நீ நம்பும்படி விடை எதுவும் கிடையாது. தரையில் இருக்கும்போது தன் உடம்பு தன்னுடையதாக இல்லை என்றும், தளம் ஆடத் தொடங்கியதும்தான் காலுக்குத் தன் வேலை நினைவுக்கு வருகிறது என்றும் சொல்லிப் பார்க்கலாம். நீ பரிவோடு தலையாட்டுவாய், இன்னொரு முறை முதுகைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்வாய்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தூத்துக்குடிக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய துறைமுகம் பக்கமும் ஒரு நடை போங்கள். வயதான தண்டல் யாராவது பேசக் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். உங்களில் தொழில் நடத்துகிறவர்கள், ஆண்டு விழாவுக்கும் விளம்பரப் பலகைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பாய்மரம் கற்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். படகு துறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடுங்கள். அடுத்த முறை இங்கிருந்து ஒருவர் உலகைச் சுற்றப் போகும்போது அவர் படகின் பக்கவாட்டில் நம் ஊர்ப் பெயர் ஒன்று எழுதியிருக்கட்டும்.